பக்கத்துக் கடை பிளக்

கரண்ட் போனதும் தையல்காரர் பின்பக்கம் ஓடி ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்புக்கு அது இருமியது. அடுத்ததற்குத் தும்மியது. கடைசியில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு எழுந்தது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தால், பக்கத்துச் சலூனிலும் பளிச்சென்று விளக்கு. அங்கே யாரும் கயிறு இழுக்கவில்லை. புகை இல்லை. துளி சத்தம் இல்லை.

"பார்த்தியா? ஒரே நாள்ல, ஒரே கடையில, ஒரே கம்பெனி ஜெனரேட்டர் வாங்கினோம். அவனோடது பூனை மாதிரி இருக்கு. நம்மளோடது பேய் மாதிரி அலறுது."

சட்டைப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "அவர் வெச்சுக்கிற விதம் அப்படி."

பெட்ரோல் செலவைவிட அந்த 'அவர்'தான் அதிகம் சுட்டது.

முன்பு அது ஒரே கடை. உரிமையாளர் நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கி, இரண்டு வாடகை வாங்கினார். கூரை, தரை, வயரிங் எதையும் அவர் மாற்றவில்லை. சலூனின் பேச்சு, சிரிப்பு, கத்தரிக்கோல் சத்தம் எல்லாம் பலகை வழியாகக் கேட்கும். அந்த ஜெனரேட்டர் மட்டும்தான் கேட்காது.

மறுநாள் தையல்காரர் சலூனுக்குப் போனார். துணி போர்த்திய ஒரு பெட்டிதான் அங்கே காத்திருப்பவர்களுக்கு ஆசனம். அதில் உட்கார்ந்தார்.

"தம்பி, உன் ஜெனரேட்டர்ல என்ன ஸ்பார்க் பிளக் போட்டிருக்கே?"

சலூன்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "கம்பெனியில வந்ததுதாண்ணே. நான் கையே வைக்கல."

"பெட்ரோல் நிறைய குடிக்குதோ?"

"சேச்சே. ரொம்பச் சமத்துண்ணே."

மறைக்கிறான் என்று தையல்காரர் முடிவு கட்டினார். பிளக்கில்தான் ஏதோ இருக்கிறது.

மெக்கானிக் பழைய பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "முனை தேய்ஞ்சு இடைவெளி அகலமாயிடுச்சு. பொறி சரியா வராம பாதி பெட்ரோல் வீணாப் போகுது." புதியதை மாட்டினார். ஒரே இழுப்பில் ஜெனரேட்டர் எழுந்தது.

தையல்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். அன்று மாலையே சலூனில் இன்னொரு ஃபேன் சுற்றியது.

"நம்மளைப் பார்த்துத்தான் போட்டிருக்கான்."

"புழுக்கமா இருக்கு, போட்டிருக்கார்."

பெட்ரோல் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது.

அடுத்து பிளாட்டினம் முனை வைத்த பிளக். இன்ஜின் சிங்கம்போல் உறுமியது. சலூனில் முடி உலர்த்தும் மெஷின் வந்தது. தையல்காரரிடம் பேன்ட் சுருக்கக் கொடுத்தவர்கள்கூடக் காற்றுக்காகச் சலூனில் போய்க் காத்திருந்தார்கள்.

அதற்கடுத்து இரிடியம். கடையில் இருந்ததிலேயே விலை அதிகமானது. சலூனில் தலை கழுவ வெந்நீர் ஹீட்டர் வந்தது.

இந்தமுறை மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முனை வெளுத்துக் கிடக்கு. தாங்காத சுமையை இழுத்து சூடேறினாத்தான் இப்படி ஆகும். கடையில என்னதான் ஓட்டறீங்க?"

"ஒரு மெஷின், ரெண்டு லைட், ஒரு ஃபேன்."

"அதுக்கா இப்படி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

தையல்காரர் சிக்கனத்தில் இறங்கினார். மோட்டாரைக் கழற்றிவிட்டு மெஷினைக் காலால் மிதித்தார். ஒரு விளக்கை அணைத்தார். ஃபேனை நிறுத்தினார். ஜெனரேட்டரை மட்டும் நிறுத்தவில்லை. சலூனில் விளக்கு எரியும்போது தன் கடை இருட்டிக் கிடக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. கேன் கேனாகப் பெட்ரோல் வாங்கி வைத்து, டேங்க் காயுமுன் ஊற்றினார்.

அடுத்தமுறை இருட்டிய பிறகு கரண்ட் போனபோது மனைவி ஊசியையும் சட்டைகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே போறே?"

"சலூனுக்கு. அங்கே காத்தும் இருக்கு, வெளிச்சமும் இருக்கு. யூனிஃபார்ம் நாளைக்குக் குடுக்கணும். நீங்க இந்த பிளக்கோட குடித்தனம் நடத்துங்க."

பலகைக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தக் கடையில் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. தையல்காரர் மெஷினை விட்டு எழுந்தார்.

இன்றைக்கு ரகசியம் தெரிந்தாக வேண்டும். நேரே போய், சலூன் ஜெனரேட்டர் ஓடும்போதே காதை வைத்துக் கேட்டுவிட வேண்டும். ஆனால் தன்னுடையது போடும் கூச்சலில் எதுவும் கேட்காதே! பல்லைக் கடித்துக்கொண்டு, முதல்முறையாக, கரண்ட் வருமுன்பே அதை நிறுத்தினார். தெரு அமைதியானது.

ஓசைப்படாமல் சலூனுக்குள் நுழைந்தார். உள்ளே கும்மிருட்டு. முழங்கால் எதிலோ முட்டியது. தடவிப் பார்த்தார். துணி நழுவியது. தன் ஜெனரேட்டர் வந்த அதே அளவு அட்டைப் பெட்டி. வாயில் கம்பெனி ஒட்டிய டேப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

சவர நாற்காலியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்.

"யாருப்பா அது வாசல்ல? அந்தத் தையல்காரரைக் கொஞ்சம் ஜெனரேட்டர் போடச் சொல்லு, எனக்கு இன்னும் பாதி முகம் பாக்கி இருக்கு!"