பொருத்தம் பார்க்கும்போது மட்டும் அணைந்துபோன கம்ப்யூட்டர் பற்றி வாலாஜாபாத்துக்கு எழுதிய விளக்கம்

உ

உத்திரமேரூர்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா சின்னப்பையன் அவர்களுக்கு, உத்திரமேரூர் பச்சமுத்து கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் மனைவி ஆதிலட்சுமியும், மகள் சுதாவும், அன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் என் மானத்தை வாங்கிய கம்ப்யூட்டரும் சுகமாக இருக்கிறோம். அங்கு தாங்களும், அக்கா ஞானசுந்தரியும், தங்கள் மகன் ஜெகன் தம்பியும், தங்கள் நெல் மண்டியும் குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுக்கிறேன்.

மாமா என்று எழுதியதைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டாம். சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் பாத்தியதை வரவில்லை. அண்ணே என்று எழுதலாமென்றால் நம் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி ஆகிவிடும், முதலுக்கே மோசம். தங்கள் வீட்டம்மாவை அக்கா என்று வைத்துக்கொண்டால்தான் முறை சரியாக வருகிறது, அப்படிப் பார்த்தால் தாங்கள் மாமா. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆகிவிட்டது.

அன்று நடந்ததற்கு வருகிறேன். பெண் பார்த்து முடித்து, அக்காவுக்கு சுதாவைப் பிடித்துப்போய், கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். "ஜாதகத்த மட்டும் உன் கம்ப்யூட்டர்ல என் கண்ணெதிர்ல ஒருதரம் பாத்துட்டா, பூவ வச்சிட்டுப் பூடுவோம்" என்று கேட்டதும் அக்காதான். ஜோசியர் ஆளைப் பார்த்து நாக்கைப் புரட்டுவார், மெஷின் புரட்டாது என்று வேறு சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தவன் நான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில்தான் எல்லோரையும் கடைக்கு அழைத்துப்போனேன். பையன் நட்சத்திரம் போட்டாச்சு, பெண் நட்சத்திரம் போட்டாச்சு, பட்டனைத் தட்டினேன். திரையில் பிள்ளையார் வந்தார், நாதஸ்வரம் ஆரம்பித்தது, டப்பென்று எல்லாம் அணைந்தது. கரண்டு போச்சு என்று சமாளிக்கலாம் என்று பார்த்தால் தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறுபடி போட்டேன், பாதிப் பிள்ளையார் வந்ததும் டப். ஆதிலட்சுமி ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நாற்காலிக் காலில் வைத்து நசுக்கினாள். அந்தத் தடவை தும்பிக்கை மட்டும்தான் வந்தது. அக்கா எழுந்து, "புள்ளையாரே எழுந்து பூட்டாரு, நமக்கு இங்க இன்னா வேலை" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பூவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பூ பைக்குள் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுதாவுக்கு இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது மாமா.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முதல் சந்தேகம் கரண்டு மேல்தான். லைன்மேன் செங்கேணியைக் கூப்பிட்டு வந்தேன், மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "வோல்டேஜ் சொம்மா ஜம்முன்னு கீது, இன்னாத்துக்கு என்னைப் பேஜார் பண்ற" என்றார். நான் விடவில்லை, கம்பத்தில் ஏறிப் பார்த்தால்தான் ஆச்சு என்று நின்றுவிட்டேன். அவர் ஏறுவதற்காக லைனை நிறுத்த, எதிரே மாவு மில் நின்றுபோக, மிளகாய் அரைக்க வந்த பெண்களெல்லாம் கையில் டப்பாவோடு என் கடை வாசலுக்கு வந்து, என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். கம்பத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாட்டியிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி இதற்கு மாட்டினேன், இது வழக்கம்போல அணைந்தது, ஃபிரிட்ஜும் கூடவே கெட்டுப்போனது. எலி வயரைக் கடித்திருக்கும் என்று யாரோ சொல்ல, பெட்டியைத் திறந்து சைக்கிள் பம்பு வைத்து ஊதினேன். எலி இல்லை, உள்ளே இருந்த தூசியெல்லாம் என் மூக்கில் ஏறி ரெண்டு நாள் தும்மினேன். திருஷ்டிதான் என்று முடிவு கட்டி ஆதிலட்சுமி பூசணிக்காய் சுற்றிக் கடை வாசலில் உடைத்தாள், குங்குமத் தண்ணி தெறித்து பிரிண்டருக்குள் போய்விட்டது. அதிலிருந்து எந்தக் குழந்தைக்கு ஜாதகம் போட்டாலும் செவ்வாய் தோஷம் இருக்கிற மாதிரியே சிவப்பாக வருது.

இதுக்கு நடுவில் ஊருக்குள் பேச்சு பரவிப்போச்சு. வேடிக்கை என்னவென்றால் மாமா, பத்திரிகை டைப் அடித்தால் இந்த மெஷின் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடும். பொருத்தம் பார்க்க ஆரம்பித்தால்தான் போய்விடும். அதனால் கூட்டம் குறையும் என்று நினைத்தேன், கூடிப்போச்சு. ராஜகுளத்திலிருந்து ராஜாராம் என்று ஒரு பெரியவர் வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள வூட்டுக்காரன் ரொம்ப நெருக்கறான்பா, வோணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்கள இட்டுக்கினு வரேன், ஒருதரம் அணைச்சுக் காட்டேன், உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை, மெஷினே அணைத்துக் காட்டியது. அவர் சந்தோஷமாகப் போய் நாலு பேரிடம் சொல்ல, இப்போது காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டரே "அணையற கடை எறங்கு" என்று குரல் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நேற்று ஒருத்தர் உழவு மாடு வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு மாட்டுக்கும் பொருத்தம் பார்க்கச் சொன்னார்.

இப்படி நான் பைத்தியம் பிடித்து நிற்கும்போது எனக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா, உங்கள் ஜெகன் தம்பிதான். அன்று இங்கே வந்தபோது வாயைத் திறக்காமல் ஓரமாக நின்ற பிள்ளை, தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறதல்லவா, மறுநாள் சாயங்காலமே போன் போட்டு "மெஷின் எப்டி கீது மாமா" என்று விசாரித்தது. டைப் அடிப்பதெல்லாம் சுதா என்பதால் போனை அவளிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் தம்பி விசாரிக்கிறது. எவ்வளவு அக்கறை மாமா. ஒரு மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் பேச விஷயம் இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒருநாள் சுதா "ஃபேன் சத்தம் கொறஞ்சிகீது" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் சிரித்துக்கினே இருந்தாள். ஃபேன் சத்தத்தில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். "உனக்குப் புரியாது நைனா, டெக்னிக்கல்" என்றாள். பிள்ளையை நன்றாகப் படிக்க வைத்திருக்கிறீர்கள்.

தம்பி கண்டுபிடித்துச் சொன்னது இதுதான், அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளே மதர்போர்டு என்று ஒரு பலகை இருக்கிறது. அதிலே சிப்புக்குக் கரண்டு விடுவதற்கு நாலைந்து வழி இருக்கிறதாம், நம் ஏரிக்கு மதகு இருக்கிற மாதிரி. கரண்டு மிச்சம் பிடிக்கும் செட்டிங் என்று ஒன்றைப் போட்டுவிட்டால், வேலை குறைச்சலாக இருக்கும்போது ஒரு மதகை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மூடிவிடும். பத்திரிகை டைப் அடிக்க அது தாராளம். பொருத்தம் பார்க்கும்போது பிள்ளையார், நாதஸ்வரம், கணக்கு, பிரிண்டர் எல்லாம் ஒரே மூச்சில் தண்ணி கேட்கும். மூடின மதகு திறக்கிறதுக்குள்ளே சிப்பு வறண்டுபோய், பலகை பயந்துகொண்டு தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அந்தச் செட்டிங்கைப் போடச் சொன்ன புத்திசாலி யாரென்று தாங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த வருஷம் கரண்டு போகிற போக்கில் இன்வெர்ட்டர் பேட்டரி கொஞ்ச நேரம் கூடத் தாங்கட்டுமே என்று, நீங்கள் வருவதற்கு முந்தின நாள் நான்தான் ஆசைப்பட்டேன்.

டெலிட் பட்டனை அழுத்திக்கினே மெஷினைப் போட்டால் நீலமாக ஒரு திரை வருகிறது. தம்பி போனில் சொல்லச் சொல்ல, சுதா அங்கே போய் அந்தச் செட்டிங்கை நிறுத்தினாள். அவ்வளவுதான் மாமா. அதிலிருந்து மெஷின் மலை மாதிரி நிற்கிறது. பிள்ளையார் முழுசாக வருகிறார், நாதஸ்வரம் முடிகிற வரை இருக்கிறார். ஆகவே அக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள், பிள்ளையார் எங்கேயும் எழுந்து போகவில்லை. சகுனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வெறும் செட்டிங். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள். ஜாதகத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள், அக்காவையே நாற்காலியில் உட்கார வைக்கிறேன், அவர்கள் கையாலேயே பட்டனைத் தட்டட்டும்.

அக்காவுக்கு என் வணக்கமும், ஆதிலட்சுமியின் விசாரிப்பும். தம்பிக்கு என் ஆசீர்வாதம், அவர் இல்லையென்றால் என் கடை இல்லை. தங்கள் மண்டியில் மூட்டை குறையாமல் இருக்க எங்கள் ஊர் சுந்தரவரதப் பெருமாள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
முறை தப்பாமல் எழுதியிருக்கிறேன் என்று நம்பும்,
பச்சமுத்து

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை மடித்து ஒட்டுவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை அசம்பாவிதம் ஏதும் வேண்டாமே என்று ஒரு ஒத்திகை பார்த்தேன். அன்று போட்ட நம் பிள்ளைகளின் நட்சத்திரத்தையே மறுபடி போட்டேன். மெஷின் அணையவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் அணையவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் அச்சடித்துத் தள்ளிவிட்டது. தாலி பலம் பார்க்கிற ரஜ்ஜுவே தட்டுகிறது. பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் தேறுகிறது.

காகிதத்தை பிரிண்டரிலிருந்து எடுத்தது சுதா. படித்தாள். "கலர் நல்லா வந்துகீது நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வழக்கம்போல தம்பியின் போன் அடித்தது, அவள் எழுந்து வரவில்லை. நானும் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்கிற வரைக்கும் நானும் ஆதிலட்சுமியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கினு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அத்தனை நாளும் அவர்கள் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. இதை உங்களிடம் மறைத்திருக்கலாம். மனசு வரவில்லை.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அது செட்டிங் இல்லை மாமா, சகுனம்தான். அக்கா சொன்னது முழுக்கச் சரி, பிள்ளையார் எழுந்துதான் போயிருக்கிறார். ஆனால் போனது இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்வதற்காக இல்லை. இதுங்க ரெண்டுக்கும் நான் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை என்று மூணு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நமக்குத்தான் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜாதகம் எடுத்து வரவேண்டாம், கடைப் பக்கமே வரவேண்டாம், நேராக வீட்டுக்கு வாருங்கள்.

இவ்வளவு பேருக்குப் பொருத்தம் பார்த்தவன், இன்று காலையில்தான் முதல் தடவையாக ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அவளையே கேட்டேன். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டாள். நீங்கள் உங்கள் பையனைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.