காணாமல் போன கோழிக்கால்

கோழிக்கு இரண்டு கால் என்பது மாரிசாமிக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டியிலும் தட்டிலும் துழாவிப் பார்த்ததில் ஒரு கால் எலும்புதான் தேறியது.

"ஏட்டி செல்லத்தாய், இன்னொரு காலை நீதான தின்ன?"

"நான் உங்களுக்குன்னுல்லா சட்டியில விட்டு வச்சேன். நீங்க திங்கலையா?"

"நான் ஒனக்குன்னு விட்டேன்!"

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு கால்தான். அதுவும் காணவில்லை.

இருவர் தலையும் ஒரே நேரத்தில் முற்றத்துப் பக்கம் திரும்பின. அங்கே சங்கிலியை உருவிக்கொண்டு வந்த நாய் துரை, எச்சில் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேர் என்ற உடம்பு, ரோஸ் மூக்கு, அசல் இராஜபாளையம் ஜாதி. அது மாரிசாமி வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனி முதலாளியுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வெடிச் சத்தத்துக்கு மிரளும் என்று சனிக்கிழமைதான் மாரிசாமியிடம் விட்டுப் போயிருந்தார். சும்மா விடவில்லை.

"பச்சை எலும்புன்னா பெரிசாப் பாத்துப் போடு, கடிச்சுக்கிட்டுக் கெடக்கும். வெந்த எலும்பு ஆகாது. அதுலயும் கோழி எலும்பைக் கண்ணுலயே காட்டாத. சில்லுச் சில்லா ஒடைஞ்சு கொடலைக் கிழிச்சிரும். திங்கக்கிழமை வந்து நாயையும் பாப்பேன், ஒன் பைலையும் பாப்பேன்."

பைல் என்றால் மாரிசாமியை நிரந்தரமாக்கும் பைல். ஆறு வருஷமாக அவன் அங்கே டெம்ப்ரவரி கிளார்க். அது அவன் கவலை மட்டும் இல்லை. மாமியார் கருத்தம்மாள் மூன்று வருஷத்துக்கு முன்னால் அய்யனார் கோயிலில் சூடம் அணைத்துச் சபதம் செய்திருந்தாள்: 'மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகுற வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன்.' அன்றிலிருந்து தெருவில் கறிக்குழம்பு வாசம் வந்தால் போதும், வாசலில் நின்று பெருமூச்சு விடுவாள். "நமக்கு எங்க குடுத்து வச்சிருக்கு? எங்க மாப்பிள்ளைதான் இன்னும் டெம்ப்ரவரியாச்சே!" மாரிசாமி தலை குனிந்தபடியே சைக்கிளை எடுத்துப் பழகிவிட்டான். அந்த மூன்று வருஷ விரதத்தில் அம்மாள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள் என்பது வேறு விஷயம். சாமி காரியம், உடம்பில் தங்குகிறது என்று தெரு நினைத்துக்கொண்டது.

"நாய்தான் தின்னுருக்கும்," என்றாள் கருத்தம்மாள், யாரும் கேட்காமலே. "சட்டியில வாயை வச்சத என் கண்ணால பாத்தேன்."

"பாத்துக்கிட்டா இருந்தீய?"

"நான் கவுச்சிப் பக்கம் போவலாமா மாப்பிள்ளை? வெரதம்லா!"

மாரிசாமிக்குக் கண்ணில் பைல் மட்டும் தெரிந்தது. அது எரிந்துகொண்டிருந்தது.

முதலில் சோற்றைப் பிசைந்து வைத்தார்கள், எலும்பைச் சுற்றி இறங்கிவிடும் என்று. துரை மோந்துகூடப் பார்க்கவில்லை. நேரே கருத்தம்மாளிடம் போய், முன்னங்காலைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்து முனகியது.

"அய்யய்யோ, வலி பொறுக்காம ஆளைப் பிறாண்டுதே!" என்று அவள் அடுப்படிக்கு ஓடினாள். நாயும் பின்னாலேயே ஓடியது. கொல்லைக்குப் போனாள். நாயும் போனது.

செல்லத்தாயும் அதே கம்பெனியில் பேண்டேஜ் சுற்றுகிறவள். "வயித்தை இறுக்கிக் கட்டுனா எலும்பு அசையாதுங்க," என்று ஒரு ரோல் முழுவதையும் துரையின் வயிற்றில் சுற்றினாள். சுற்றி முடிக்கவும், கம்பெனி வாட்ச்மேன் உக்கிரபாண்டி சைக்கிளில் அந்த வழியே வரவும் சரியாக இருந்தது. பழைய பட்டாளத்துக்காரர். எதையும் மேலிடத்துக்குத் தெரிவித்துப் பழகியவர்.

"என்னலே மாரிசாமி, நாய்க்கு ஆப்பரேசனா?"

"இல்லண்ணே, சும்மா..."

"சும்மா எவனாவது நாய்க்குக் கட்டுப் போடுவானா?" சைக்கிள் கம்பெனிக்குத் திரும்பியது. பத்தாவது நிமிஷம் கல்யாண மண்டபத்துக்குப் போன் போனது: நாயின் வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள்!

இது தெரியாத மாரிசாமி, எலும்பு விவகாரம் அறிந்தவர் என்று கறிக்கடை பிச்சை முகம்மதுவை அழைத்து வந்தான். பாய் பழைய பேப்பரை விரித்து, எச்சில் எலும்புகளை ஒவ்வொன்றாக அடுக்கி, சற்று நேரத்தில் ஒரு கோழியையே படுக்க வைத்துவிட்டார். கழுத்து இருந்தது, றெக்கை இருந்தது, நெஞ்சு இருந்தது. இடது கால் மட்டும் இல்லை.

"கால் உள்ள போயிருக்குன்னுதான் தெரியுது. ஆனா பயப்படாதிய. இம்புட்டு நாளா எலும்பு தின்னு பழகுன நாய்தான..."

"பாய், வெட்டிப் பேச்சு எதுக்கு? மொதல்ல டாக்டரப் பாப்போம்!" என்று கருத்தம்மாள் பாய்ந்து விழுந்தாள். அவளுக்கு நாய் மேல் இவ்வளவு பாசமா என்று மாரிசாமியே அசந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை, உள்ளூர் மாட்டாஸ்பத்திரி பூட்டு. டாக்டர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பேப்பர்க் கோழியை மடியில் ஏந்திக்கொண்டு பாய், கண்ணால் பார்த்த சாட்சி என்பதால் கருத்தம்மாள், புருஷன், பெண்டாட்டி. நான்கு பேரும் ஒரு நாயும் ஒரே ஆட்டோவில். வழி நெடுக துரை கருத்தம்மாளின் மடியிலேயே தலையைப் புதைத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் வீட்டு வாசலில், போன் வந்ததும் டாக்டரைக் கூட்டிப்போக ஓடிவந்த முதலாளி பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்றிருந்தார். மாரிசாமி ஆட்டோவிலிருந்து கடைசி ஆளாக இறங்கினான்.

"நா பங்காரம்!" என்று தெலுங்கில் கொஞ்சியபடி நாயைக் கட்டிக்கொண்டவர், "என்னலே பண்ணித் தொலைச்ச?" என்று மாரிசாமியிடம் தமிழுக்கு வந்தார்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு பிஸ்கட்டை நீட்டினார். துரை லபக்கென்று விழுங்கிவிட்டு, மறுபடி கருத்தம்மாளின் இடுப்பில் மூக்கை வைத்தது.

"எனக்கு நாய்கிட்ட ஒரு கோளாறும் தெரியல. அந்தம்மா இடுப்புல என்ன இருக்கு?"

"வெத்தலப் பை டாக்டரய்யா..."

துரை அதற்கு மேல் பொறுக்கவில்லை. சுருக்குப்பையை ஒரே இழுப்பு. வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி என்று உருண்டு, கடைசியில் நன்றாகச் சப்பிய ஒரு கோழிக்கால் எலும்பு டாக்டர் மேஜை மேல் விழுந்தது. டாக்டர் சட்டென்று நாய்க்கு எட்டாமல் எடுத்தார். பாய் அதை வாங்கிப் பேப்பரில் வைத்துப் பார்த்தார். இடது கால். கச்சிதமாகப் பொருந்தியது.

முதலாளி பேப்பரையும் மாரிசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். "என் நாய்க்காக எச்சி எலும்பையெல்லாம் பொறுக்கி அடுக்கிக்கிட்டு வந்தியாப்பா? எங் கம்பெனியில ஒருத்தன் ஸ்டாக்கை இப்பிடி அடுக்குனது கெடையாது. காலைல வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்கோ!"

மாரிசாமி நிமிர்ந்தான். ஆறு வருஷமாக இருந்த கூன் மொத்தமும் அந்த இடத்திலேயே போயிற்று. மாமியாரை முழுசாக ஒரு பார்வை பார்த்தான்.

"என்ன அத்தை, வெரதம்?"

கருத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சாமி சத்தியமா மூணு வருசத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் மாப்பிள்ளை. நாக்கு தவறிருச்சு. அந்த எலும்பைத் தூரப் போடலாம்னா இந்த நாய் விட்டாத்தான!"

"பாவம், விடுங்க," என்றாள் செல்லத்தாய். மாரிசாமிக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஜெயித்தவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

டாக்டர் சீட்டு எழுத உட்கார்ந்தார். "நாய் இவங்க வீட்டுல எத்தனை நாளா இருக்கு?"

"நேத்துச் சாயங்காலம்தான் விட்டேன். இதுக்கு முன்னால இவங்க நாயே வளத்ததில்ல," என்றார் முதலாளி.

பேப்பரைச் சுருட்டிக்கொண்டிருந்த பிச்சை முகம்மது நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்துத்தானா? அப்ப மூணு வருசமா புதன்கெழமை தவறாம, 'வீட்டுல நாய் கெடக்கு பாய், நல்லி எலும்பாப் பாத்து, கறி ஒட்டுனாப்புல போடுங்க'ன்னு இந்த ஆச்சி வாங்கிட்டுப் போனாகளே, அது எந்த நாய்க்கு?"