கயிறு கட்டிய பெட்டி

பெட்டியில் எல்லாம் இருந்தது, ஃபைலைத் தவிர.

லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். எக்ஸ்ரே, எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று அவர் மனைவியின் இதயத்தைப் பற்றிய சங்கதி முழுவதும் அந்த நீல ஃபைலில்தான் இருந்தது. சாயங்கால ரயிலில் ஏறினால் காலையில் வெளியூர் ஆஸ்பத்திரி. ஃபைலைக் காட்டினால்தான் அட்மிஷன். அதற்கு மறுநாள் வால்வு மாற்றும் ஆபரேஷன். பிறகு ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். அதனால்தான் பெட்டிக்குள் துணிமணியோடு குக்கர், தலையணை, கொடிக்கயிறு என்று ஒரு சின்னக் குடித்தனமே உட்கார்ந்திருந்தது.

"மேலாகத்தானே வெச்சேன். தொட்டுப் பாத்துட்டுத்தானே படுத்தேன்," என்றார்.

மனைவி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பதறாதீங்க. எங்கேயாவது இருக்கும்."

உதவிக்கு வந்திருந்த மச்சினி வீடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாள். கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக் குரல் கொடுத்தாள். "மாமா, எக்ஸ்ரேயைத் துவைக்கவா போட்டீங்க?"

அழுக்குப் பெட்ஷீட்டுக்குள் சுருண்டு கிடந்தது ஃபைல். நல்லவேளை, மெஷினை யாரும் போடவில்லை.

"பெட்ஷீட்டை எடுக்கும்போது சேத்துச் சுருட்டியிருப்பீங்க," என்றாள் மனைவி, குற்றம் சொல்லாத குரலில்.

அவருக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. மற்றவர்களுடைய உயிர் தொங்குகிற இரும்புக் கயிற்றைத் தினமும் விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். இத்தனை வருஷத்தில் ஒரு நட்டைக்கூட மறந்து வைத்ததில்லை. இப்போது தன் தலையே கழன்றுவிட்டதோ என்று உள்ளூரக் கலங்கினார்.

எடுத்ததையெல்லாம் திரும்ப அடுக்கியபோது பெட்டி மூட மறுத்தது. காலையில் இதே சாமான்கள் இதே பெட்டிக்குள் அடங்கியவைதான். முழங்காலால் அழுத்தினார். பிறகு மேலே ஏறியே உட்கார்ந்தார். ஜிப் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வாயைப் பிளந்தது.

"விடுங்க மாமா, என் பெட்டி இருக்கு," என்று பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்குப் போன மச்சினி, நம்பர் பூட்டு வைத்த பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். "என் கல்யாண வருஷம்தான் நம்பர்."

அதில் எல்லாம் அடங்கியது. மனைவியின் பக்கத்தில் பெட்டியை நிறுத்திவிட்டு இருவரும் அடுப்படியைப் பூட்டப் போனார்கள். திரும்பி வந்தபோது அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மதிய மாத்திரை உள்ளே போயிடுச்சு போலிருக்கே."

மச்சினி நம்பரைச் சுழற்றினாள். பூட்டு அசையவில்லை. மறுபடி சுழற்றினாள்.

"கல்யாண வருஷத்தை மறந்துட்டியா?" என்றார் அவர்.

"மறக்கிற மாதிரியா மாமா நடந்துச்சு?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பூட்டு திறக்கவில்லை, பிய்ந்து கையோடு வந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் மாத்திரையைக் காணோம்.

"அடடா, என் கைப்பையிலதான் இருக்கு," என்றாள் மனைவி. "உங்களுக்குத்தான் வீண் வேலை."

அவர் சாமான்களை அள்ளிப் போட்டு, கொடிக்கயிற்றால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, லிஃப்ட் வேலையில் போடுகிற முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். பூகம்பமே வந்தாலும் அவிழாது.

"டாக்ஸிக்காரத் தம்பியை இன்னும் காணோமே. ஃபோன் போடுங்க மாமா."

அவர் சட்டைப் பையைத் தடவினார். மேசையைப் பார்த்தார். அவர் ஃபோனில்தான் டாக்ஸிக்காரரின் நம்பர் இருந்தது, ரயில் டிக்கெட்டும் இருந்தது. மச்சினி தன் ஃபோனிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். குக்கருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. குக்கர் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி முடிச்சுக்குள் இருந்தது.

வாழ்நாளிலேயே மிகச் சிறந்த அந்த முடிச்சை அவரே கட்டிங் பிளையரால் வெட்டினார்.

டாக்ஸிக்காரர் ஃபோனை எடுக்கவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்து மெக்கானிக்குக் கால் ஓய்ந்தது. ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேற வண்டி பாக்கறேன்."

"வேண்டாங்க. சொன்னா வந்துடுவாரு." மனைவி சற்று நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லேன்னா, பேசாம வேற தேதி வாங்கிக்கலாமே. எல்லாமே தட்டிப்போகுது, பாருங்க."

"இந்தத் தேதி கிடைக்கவே எவ்வளவு அலைஞ்சோம்க்கா," என்றாள் மச்சினி.

"ஒண்ணும் குடிமுழுகிப் போகாது."

மெக்கானிக் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி அவர்கள் வீடு. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைக்கிறவர் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. முன்பெல்லாம் அது அக்கம்பக்கத்தில் ஒரு சிரிப்பு. இப்போது அவர் சிரிப்பதில்லை.

"மாடித் திருப்பத்துல நின்னு, பூந்தொட்டியைப் பாக்கிற மாதிரி பாப்பியே," என்றார். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அதுல செடி பட்டுப்போய் எத்தனையோ மாசமாச்சு. நீ மூச்சு வாங்கறேன்னு தெரிஞ்சுதான், நான் ஒரு படி கீழேயே நின்னுக்குவேன். விழுந்தா தாங்கிப் பிடிக்கணுமே. தள்ளிப் போட முடியாதும்மா. டாக்டர் என்கிட்ட தனியாச் சொல்லிட்டாரு."

அவள் கைநீட்டி அவர் சட்டையில் ஒட்டியிருந்த கயிற்று நாரைத் தட்டிவிட்டாள்.

"எனக்கொண்ணும் பயமில்லீங்க," என்றாள் பிறகு. "உங்களை நினைச்சாத்தான்."

"அக்காவுக்கு இருக்கிற தைரியத்துல பாதி உங்களுக்கு இருந்தா, இந்நேரம் ஸ்டேஷன்ல இருந்திருப்போம் மாமா," என்று முணுமுணுத்தாள் மச்சினி.

அது நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. மிச்சக் கயிற்றால் பெட்டியை எப்படியோ கட்டித் தலையில் தூக்கிக்கொண்டார். "இறங்குங்க. தெருவுல எந்த வண்டி கிடைச்சாலும் ஏறிடலாம்."

மனைவி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். திருப்பத்தில் நின்றாள். இந்தத் தடவை பூந்தொட்டியைப் பார்க்கவில்லை. கீழே பெட்டியோடு காத்து நின்ற புருஷனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்தபடி மீதிப் படிகளையும் இறங்கினாள்.

அவர்கள் வாசலுக்கு வரவும் டாக்ஸி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மெக்கானிக் பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டார். காலையிலிருந்து தன்மேலேயே இருந்த கோபம் அத்தனையும் டாக்ஸிக்காரர் மேல் திரும்பியது.

"உயிர் போற விஷயம்னு சொல்லித்தானே வண்டி கேட்டேன்? ஃபோனையும் எடுக்கல. இதுதான் வர்ற நேரமா?"

டாக்ஸிக்காரர் அவரைப் பார்த்தார், பின்னால் தங்கையின் தோளைப் பிடித்து நின்றவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"ரயில் கிளம்பினதுக்கப்புறம் வந்தாப் போதும்னு காலையில அண்ணிதாண்ணே ஃபோன் பண்ணிச் சொன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கல, முன்னாடியே வந்துட்டேன், ஏறுங்க, பிடிச்சிடலாம்."