மறை கழன்ற நிலை

இணைய உலாவியைப் படைத்தவனைப் புகழ ஊரே உண்டு. அதன் திரையில் சிற்றெழுத்தில் எச்சரிக்கை எழுதியவள் யாரென்று எவரும் கேட்பதில்லை. தாலி கட்டியவனே கேட்டதில்லை.

பார்த்த தடத்தைப் பதியாத 'மறைநிலை' சன்னலைத் திறந்ததும் தோன்றும் வரிகள் அவள் எழுதியவை. அவற்றுள் ஒன்றுக்கு ஆபத்து வந்திருந்தது: "நீங்கள் பதிவிறக்கிய கோப்புகள் இந்தக் கணினியிலேயே இருக்கும்." "இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், வெட்டிவிடுங்கள்" என்றார் மேலாளர். தெரியாத ஒருவரையேனும் காட்டினால் வரி பிழைக்கும். இல்லையேல் திங்களன்று அதற்கு முழுக்கு.

அப்படியொருவருக்கு எங்கே போவாள்? வீட்டிலோ வேறு கவலை. சில நாள்களாக அவள் அறைக்குள் நுழைந்ததுமே கணவன் சன்னலைச் சாத்தினான். கணினிச் சன்னலைத்தான்.

"என்னங்க, எதை மூடுறீங்க?"

"மறைநிலையில இருக்கேன். எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"முதல்ல சில வரி வருமே, படிச்சீங்களா?"

"அதை யாரு படிப்பா? எழுதினவனுக்கு வேற வேலை இல்ல."

"எழுதினவளுக்கு."

அவன் குளிக்கப் போனான். நோயா, வேறொருத்தியா? இருவருக்கும் பொதுவான அந்தக் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தாள். 'மனைவியை வாதத்தில் வெல்லும் நாற்பது வழிகள்.' அதன் கீழும் அதுவே. அதற்குக் கீழும் அதுவே. சன்னலை மூடினால் எல்லாம் அழிந்துவிடும் என நம்பி, மகராசன் தினமும் புதிதாக இறக்கியிருக்கிறான்!

அப்பாடா! வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு.

தலை துவட்டியபடி வந்தான்.

"முதல் வழியே 'குரலை உயர்த்தாதீர்'தானாமே? இத்தனை தடவை இறக்கியும் மண்டையில இறங்கலையா?"

துண்டு நழுவியது. "ஐயையோ! மறைநிலைன்னு போட்டிருந்துச்சே!"

"உங்களுக்கு அது மறை கழன்ற நிலைங்க. பார்த்த தடம் அழியும், இறக்கினது அப்படியே கிடக்கும். இதுகூடத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதும்மா!"

அவள் முகம் மலர்ந்தது. மேலாளரை அழைத்து, தொலைபேசியைக் கணவனிடம் நீட்டினாள்.

"அந்தச் சத்தியத்தை இவர்கிட்ட ஒரு தடவை பண்ணுங்க."

பண்ணினான். வேறு வழி? நாற்பது வழிகளில் அதற்கொன்றும் இல்லை.

வரி பிழைத்தது. அடுத்த மாதம் அவள் எச்சரிக்கை எழுதும் பிரிவுக்கே தலைவியானாள். எந்த அறிவிப்பும் முதலில் தன் கணவனுக்குப் புரிந்தால்தான் வெளியே போகலாம் என்பது அவள் பிறப்பித்த முதல் உத்தரவு.