பக்கத்து வீட்டைவிட ஒரு அடி

மேட்டுக்காரர் என்று ஓர் இனம் நம் பக்கத்தில் பெருகிக்கொண்டு வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால் அண்ணாந்து பார்க்காமல் போயிருப்பீர்கள். ஏனென்றால் அவர் எப்போதும் உங்களைவிட ஓர் அடி உயரத்தில்தான் நிற்பார். ஆள் குள்ளமாகக்கூட இருக்கலாம். அந்த உயரம் அவருடையது இல்லை, அவர் வீட்டுப் பேஸ்மட்டத்தினுடையது.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வீட்டுக்கு வந்தால் பெண் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், வாசற்படியை எண்ணுவார். சாவு வீட்டுக்கு வந்தால் மாலையைப் போட்டுவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் காதில், "ரோட்டுல இருந்து ரெண்டே படிதான் வச்சிருக்காரு பாவம், மழக்காலத்துல போயிருந்தா எடுக்கறது எம்மாங் கஷ்டம்" என்று இறந்தவருக்காக வருத்தப்படுவார். எதிரில் பார்த்தால் "நல்லா இருக்கியா" என்று கேட்கமாட்டார். "ஒன் வூடு ரோட்டுக்கு எத்தினி அடி மச்சான்?" என்பார். நீங்கள் எத்தனை சொன்னாலும், "பத்தாது" என்பார்.

படிப்பில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் சூடாகிறது, கடல் ஏறுகிறது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டப்போகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். டிவி பார்க்கிறார். பருவநிலை மாற்றம் என்று கூட்டம் போட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருகிறார். இவ்வளவையும் கேட்டு வீட்டுக்கு வந்து அவர் எடுக்கிற முடிவு என்ன? இன்னும் இரண்டு லோடு கிராவல். உலகம் முழுகினால் முழுகட்டும், பக்கத்து வீட்டுக்குப் பிறகு முழுகலாம்.

நெய்வேலிப் பக்கம் இந்த இனம் செழிப்பதற்குக் காரணம் உண்டு. முப்பத்தைந்து வருஷம் நிலக்கரிக் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, கூரை ஒழுகுகிறதா, ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவான். ரிட்டையர் ஆகி, சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் வானத்திலிருந்து தண்ணீர் விழும், விழுந்தது எங்கேயாவது போகவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரிகிறது. எங்கே போகும்? அதைத்தான் அவர்கள் யோசிப்பதில்லை.

எங்கள் சின்னதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாமன் மகன் முறை; அதாவது என் அம்மாவின் சித்தப்பா பேரன். அவன் தங்கை கனகத்தை எனக்குக் கட்டுவதாகக்கூட ஒரு பேச்சு இருந்தது, நடக்கவில்லை, அவள் தப்பித்தாள். சின்னதுரை மைன்ஸில் பர்மனெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவன். பம்பு செக்‌ஷன். முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் லேக் வியூ நகர் என்று பிளாட் போட்டபோது அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் மனை வாங்கினார்கள். "லேக் எங்கப்பா?" என்று நான் அப்போது கேட்டேன். ஏரியின் நடுவில் நின்றுகொண்டு கேட்டால் ஏரி எப்படித் தெரியும்?

கனகம் முதலில் கட்டினாள். புருஷன் பேர் பாவாடை, மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, அவன் போய்ச் சேர்ந்த பிறகு முன்ரூமில் மாவு மில் போட்டுப் பிழைக்கிறாள். அவள் கட்டியபோது வீடு ரோட்டுக்கு மூன்று படி மேலே இருந்தது. பிறகு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு தடவை போட்டார்கள், அதற்குமேல் சிமெண்ட் போட்டார்கள். ஏற ஏற ரோடு வளர்ந்தது. கனகத்தின் படிகள் ஒவ்வொன்றாகப் பூமிக்குள் போய்விட்டன. சின்னதுரை வீட்டுக்கும் அதே கதிதான். ஆனால் அவன் மேட்டுக்காரன் ஆயிற்றே! வடக்கத்தி ஆட்களைக் கூப்பிட்டு, சுவருக்கு அடியில் இருநூறு ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே தூக்கிவிட்டான். ஐந்தடி. வாசலில் ஒன்பது படி. அவன் மனைவி திலகவதிக்கு மூட்டு வலி. கோலம் போட இறங்கினால் திரும்பி ஏறுவதற்குள் கோலம் காய்ந்துவிடும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து ஒன்று உண்டு. தெருவில் விழுகிற மழை மொத்தமும் அதன் வழியாகத்தான் பின்னால் இருக்கிற ஓடைக்குப் போகும். வீட்டைத் தூக்கிய கையோடு சின்னதுரை அந்தச் சந்தின் வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர் எழுப்பினான். தண்ணீர் உரசிக்கொண்டு போனால் புதுக் கடைக்கால் அரித்துவிடுமாம்.

கனகம் மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ண்ணா, சந்த அடைக்காத. அடைச்சா தெருத் தண்ணி பூராவும் எம் மில்லுக்குள்ளதான் பூந்துடும்."

"பைத்தியமாட்டம் பேசாத. தண்ணிக்குப் போவ வழி தெரியாதா? முப்பது வருசம் மைன்ஸ்ல தண்ணி எறச்சவன் நானு. எனக்கே சொல்லிக்கினு வந்துட்டா."

"எறச்ச தண்ணிய எங்கனா வுட்டிருப்ப இல்ல? இத எங்க வுடப் போற?"

"அப்ப நீயும் வூட்டத் தூக்கிடு."

"எதால தூக்கறது, சல்லடையாலயா?"

சுவர் அப்படியே நின்றது. மேட்டுக்காரர்களிடம் இதுதான் விசேஷம். கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் சிமெண்ட் காய்ந்துவிட்டது என்பார்கள்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. அந்த வாரம் மாவு மில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முறுக்குக்கு, அதிரசத்துக்கு என்று முப்பது நாற்பது டின் வரிசையில் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய காகிதம். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. மாவுக்கு வந்திருந்த நாங்கள் டின்களை ஆளாளுக்குப் பெஞ்சில் ஏற்றினோம். மோட்டாரை எங்கே ஏற்றுவது? அது சாண் உயரச் சிமெண்ட் மேடையில் போல்ட் போட்டு இறுக்கியது. அது நனைந்தால் கனகத்துக்குப் பிழைப்பு இல்லை.

சின்னதுரை தன் போர்ட்டிகோவில் நின்றான். கையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப். பூமியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அவனுக்கு அந்த டியூபில் இருக்கிற தண்ணீர்தான் தண்ணீர்.

"பயப்படாத கனகம். இன்னும் நாலு விரக்கடதான் ஏறும்."

"மோட்டாருக்கு மூணு விரக்கடதாண்ணா இருக்குது!"

"சொவர ஒடச்சி வுடுங்க சார்" என்று தெருவில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"ஒடச்சா எங் கடக்கால் போயிடும்யா. இது இயற்கை. பருவநிலை மாறிப்போச்சி. யாரு என்னா பண்ண முடியும்?"

"பருவநிலையா கொத்தனாரக் கூப்ட்டு சொவரு வச்சிது?" என்றாள் கனகம்.

அதற்கும் அவனிடம் பதில் இருந்திருக்கும். சொல்வதற்குள் அவன் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. திலகவதி கடப்பாரையைத் தட்டித்தட்டிக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய் திலகா, எங்க போற?"

"எம் முறுக்கு அரிசி அங்கதான் கெடக்குது. முந்தாநாளே குடுத்தேன்."

"டின்னுதான் பெஞ்சு மேல இருக்குதே!"

"டின்னு பெஞ்சு மேல இருக்குது. அரைக்கறது யாரு, நீங்களா? மேலயே நில்லுங்க. எறங்கினா நனைஞ்சிடுவீங்க."

கெண்டைக்கால் தண்ணீரில் நடந்து போய்க் கடப்பாரையை நாத்தனார் கையில் கொடுத்தாள். கனகம் நாலு போடு போட்டாள். ஐந்தாவது போட்டில் சுவர் சாய்ந்தது. தெருவே அந்தச் சந்துக்குள் ஓடியது. செருப்பு, பிளாஸ்டிக் குடம், யாரோ வீட்டு மிதியடி, எல்லாம் ஓடைக்குப் போயின. அரைமணியில் வாசற்படி தெரிந்தது. சுவர் சாய்ந்தபோது தண்ணீர் மோட்டாரைத் தொட ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. உடன்பிறப்பைவிட முறுக்கு பெரியது என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைக்கால் அரித்ததா? ஒரு பிடி மண் போகவில்லை. "நான் ஸ்ட்ராங்கா போட்டதாலதான் நிக்குது" என்று சின்னதுரை அந்தத் தெருவில் எல்லாருக்கும் சொன்னான். மறுபடி சுவர் வைப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. கனகம் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தாள்: "வச்சிக்கோ. ஒன் வூட்டுக்கு அரைக்கமாட்டேன், தெருவுல ஒருத்தனுக்கும் அரைக்கமாட்டேன்." நாற்பது வீட்டுப் பெண்களைப் பகைத்துக்கொண்டு எந்த மேட்டில் குடியிருப்பது?

திருந்திவிட்டானா என்று கேட்கிறீர்கள். தீபாவளி முடிந்த வாரம் எதிர் மனையில் அருண்ராஜ் என்கிற பையன் வீடு கட்ட ஆரம்பித்தான். சின்னதுரை டியூபை எடுத்துக்கொண்டு ஓடினான். பிடித்துப் பார்த்தான். இவன் போர்ட்டிகோவைவிட ஒரு அடி அதிகம். முகம் செத்துப்போயிற்று.

"தம்பி, இவ்ளோ தூக்கிட்டா தண்ணி எங்க போவும்?" என்று கேட்டான். அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை.

"பாத்துக்கலாம் அங்கிள்" என்றான் பையன், மரியாதையாக.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போட்ட அன்று, எவ்வளவு ஏற்றலாம் என்று கொத்தனார் கேட்டபோது, நீங்கள் வானத்தைப் பார்த்தீர்களா, ஏரியைப் பார்த்தீர்களா, பக்கத்து வீட்டைப் பார்த்தீர்களா? போன மழைக்கு எங்கள் வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னீர்களே, அந்தத் தண்ணீர் என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லையா? அடுத்த மழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தண்ணீரின் கூடவே நடந்து பாருங்கள். அது எந்த வீட்டுக்குள் போய் நிற்கிறதோ, அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். உட்காரச் சொல்லமாட்டார்கள். நாற்காலி மிதந்துகொண்டிருக்கும்.