தீட்டில் கொட்டிய சேற்றுப் பானை

அன்பு மகள் கலையரசிக்கு, கெடாரிலிருந்து அப்பன் மண்ணாங்கட்டி சொல்லி எழுதுவது. நலம் என்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை. நீயாவது அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக்கொண்டு நன்றாயிரு.

தானே புயலில் நம் வீட்டு ஓடு பறந்ததே, அதற்கு மறு வருஷம்தான் நீ திண்டிவனத்து அரிசி ஆலைக் கழிவுக் குட்டையில் சேறு அள்ளிப் பானையில் நிரப்பி என் தலையில் ஏற்றினாய். கண்டக்டர், "யோவ் பெருசு, பானையில செத்த எலியா வச்சிக்கினு வர்றே?" என்று விழுப்புரம் வரைக்கும் ஏசினான். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இதில் கூட்டமாக இருக்கின்றன, ஒன்று தின்று கழித்ததை இன்னொன்று தின்னும், கடைசியில் அடுப்பெரிக்கும் வாயு வரும் என்றாய். அன்றிலிருந்து வெள்ளிதோறும் கடலை உரித்த மல்லாட்டைத் தோல் இடித்துப் போட்டேன். நீ வருஷம் ஒருமுறை குப்பியில் எடுத்துப் போனாய், டாக்டர் பட்டமும் வாங்கினாய். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று ஊரே சிரித்தது. போன மாதம் போனில், அங்கே அந்த உயிர்களை வைத்திருந்த பெட்டி பழுதாகி எல்லாம் செத்துவிட்டது, இனி நம் பானைதான் கதி, தையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அழுதாய். அப்போதே பானை காலி.

ஐப்பசியில் உன் பெரியப்பா துரைக்கண்ணு செத்த அன்று, தீட்டு வீட்டில் பழைய தண்ணீர் ஆகாதென்று குடம், தவலை, அண்டா எல்லாம் கவிழ்த்தார்கள். உன் பெரியம்மா முனியம்மாள் அழுதுகொண்டே உன் பானையையும் ரோட்டுச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். நான் பார்க்கவில்லை. அவளும் பதினாறாம் நாள் போய்ச் சேர்ந்தாள், யாரைக் கேட்பது? நீ வராதே அம்மா, வந்து பார்க்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசி. ஆயுசோடு இருங்கள்.

இப்படிக்கு,
மண்ணாங்கட்டி

பி.கு.: எழுதிக்கொண்டிருந்த சவுரிராயன் பேனாவை மூடிவிட்டான். "செத்த பொம்பள மேல ஏன்யா போடற? எங்க ஊத்தினேன்னு சொன்னாத்தானே அந்தப் பொண்ணு தோண்டியாவது பாக்கும்?" என்கிறான். ஆகவே மேலே சொன்னது பொய். கொட்டியது நான். அண்ணன் போன துக்கத்தில் எது எந்தப் பானை என்று கை பார்க்கவில்லை. "தம்பி, அது பாப்பா பானைடா!" என்று ஓடிவந்து தடுத்தவள்தான் முனியம்மாள். சாக்கடையில் இல்லை, கொட்டகைக்குப் பின்னால் சாணிக் குழியின் வடக்கு மூலையில் ஊற்றினேன். குழியை யாரும் தொடாமல் காவல் இருக்கிறேன். வந்து தோண்டிப் பார். ஒன்றும் பிழைக்காவிட்டால் என்னை ஏசு. அன்று பார்த்தவர்கள் மூன்று பேர். முனியம்மாள் இல்லை, பால்கார தணிகாசலம் கார்த்திகையில் போனான். உயிரோடு இருப்பது இதை எழுதுகிற சவுரிராயன் ஒருவன்தான், கேட்பதானால் அவனைக் கேள்.