எழுபது கிலோவுக்கு மேல் உள்ளே வரக்கூடாது

நாரிஸ் முட்டைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அறிவித்தான். மாடிக் குளியலறைக்கு டைல்ஸ் போட வெளியாள் யாரும் வரக்கூடாது. தானே போடப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கப் போகிறான்.

"நீயா?" என்றாள் அவன் மனைவி ஈனிட்.

"நானேதான்."

"பர்சியைக் கூப்பிட்டா சும்மாவே போட்டுத் தருவாரே."

பர்சி அவள் தங்கை புருஷன். முப்பது வருஷமாக டைல்ஸ் வேலைதான். அந்தப் பெயரைக் கேட்டாலே நாரிசுக்குக் காது சிவக்கும்.

"ஒரே ஒரு டைல் விரிசல் விடட்டும், அப்போ அவனைக் கூப்பிடு. நானே பக்கத்துல உட்கார்ந்து பசை குழைச்சுக் கொடுக்கிறேன், போதுமா?"

சொல்லிவிட்டான். சொன்னதை ஈனிட் தங்கைக்குப் போனில் சொன்னாள். தங்கை பர்சியிடம் சொன்னாள். இனி விரிசல் விட்டால், சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வான்கோழியோடு நாரிசையும் சேர்த்து அறுப்பார்கள்.

யார்க்ஷயரில் அந்தத் தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய பழைய கல் வீடுகள். மாடித் தரை எல்லாம் மரப்பலகை. கால் வைத்தால் முனகும். டைல்ஸ் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "பலகை மேல நேரா ஒட்டிடாதீங்க. மரம் அசையும், டைல்ஸ் அசையாது. நடுவுல சிமெண்ட் பலகை போட்டு நல்லா ஸ்க்ரூ முடுக்குங்க."

நாரிஸ் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தான். சிமெண்ட் பலகை போட்டால் தரை உயரும். தரை உயர்ந்தால் கதவு இடிக்கும். கதவு இடித்தால் கழற்றி இழைக்க வேண்டும். அவனுக்கு இழைக்க வராது. சிமெண்ட் பலகை தேவையே இல்லை என்று அவனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. ஈனிட்கூட, "பரவாயில்லையே" என்றாள். இரண்டு நாள் நாரிஸ் தரையில் நடக்கவில்லை, மிதந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை. வாயில் பல்பொடி நுரை. கழிப்பறைப் பீங்கான் பக்கம் ஒரு காலை வைத்தான்.

டக்.

முடி கனத்துக்கு ஒரு கோடு, டைலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. பதறிப்போய்ப் பின்னால் ஒரு அடி வைத்தான். டக். இன்னொன்று. நுரையை விழுங்கிவிட்டான்.

சனிக்கிழமை பர்சி டீக்கு வருகிறான்! நாரிஸ் துணி மிதியடியை இழுத்து இரண்டு கோட்டையும் மூடிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி கீழே இறங்கினான்.

"ஈனிட், பசை இறுகணும். குளியலறைக்குள்ள யாரும் போகக்கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"இருபத்தெட்டு."

"அதுவரைக்கும் நான் அடக்கிட்டு உட்காரணுமா?"

நாரிஸ் அவசரமாகக் கணக்குப் போட்டான். பர்சியை மட்டும் தடுக்க வேண்டும். பர்சி தொண்ணூறு கிலோ.

"நீ போகலாம், நீ லேசானவ. எழுபது கிலோவுக்கு மேல இருக்கிறவங்கதான் போகக்கூடாது. அந்த மிதியடியை மட்டும் நகர்த்திடாதே. ஈரம் போயிடும்."

ஈனிட் அவனை உச்சந்தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வயிற்றருகே வந்ததும் பார்வை நின்றது.

"நீ எத்தனை கிலோ, கண்ணு?"

எடை மிஷின் குளியலறையிலிருந்து கதவுக்கு வெளியே வந்துவிட்டது. நாரிஸ் ஏறினான். நூற்றி இரண்டு. செருப்பைக் கழற்றினான். நூற்றி இரண்டு. மூச்சை வெளியே விட்டான். மிஷின் இரக்கம் காட்டவில்லை. ஈனிட் ஒரு அட்டையில் 'எழுபது கிலோவுக்கு மேல் உள்ளே வரக்கூடாது' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து நாரிசுக்குக் கொல்லையில் இருந்த பழைய கக்கூஸ்தான். விளக்கு இல்லை. தாழ்ப்பாள் இல்லை. நவம்பர் மாதம். குளியல், சமையலறைத் தொட்டியில் ஒவ்வொரு அங்கமாக.

பக்கத்து வீட்டு அடா சுவர் மேலே தலையை நீட்டினாள்.

"குடையோட எங்க கிளம்பிட்ட, நாரிஸ்?"

"காத்து வாங்க."

"ஆலங்கட்டி விழுதே!"

"நல்ல காத்து அடா."

"கையில காகிதச் சுருள் வேற இருக்கு?"

"படிக்க."

குளிரைக்கூடத் தாங்கிக்கொண்டான். மேலே ஈனிட் நடக்கும்போதெல்லாம் அடுத்த 'டக்' கேட்கிறதா என்று கீழே அடுப்படியில் நின்று கூரையைப் பார்த்துக் காது கொடுத்தானே, அதுதான் ஆளைத் தின்றது. அவளை ஏமாற்றி உள்ளே போய் அந்த இரண்டு டைலையும் மாற்றிவிடலாம் என்றால், கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு அவள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பர்சி வந்தான். மாடிக்குப் போனான். அட்டையை இரண்டு தடவை படித்தான். இறங்கி வந்து, "நல்ல முறை நாரிஸ். முப்பது வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றான். நாரிஸ் கையிலிருந்த டீ பாதி சாசரில் கொட்டியது, பாதி மடியில் கொட்டியது.

மறு வாரம் வியாழக்கிழமை. பஸ் ஓட்டிவிட்டு வந்த நாரிஸ், தும்மிக்கொண்டே அடுப்படி நாற்காலியில் விழுந்தான்.

"ஈனிட், என்னால முடியல. டைல்ஸ் விரிசல் விட்டிருக்கு. மிதியடிக்குக் கீழ. நான் சிமெண்ட் பலகை போடல. பர்சியைக் கூப்பிடு. பசை குழைக்கிறேன், காலையும் பிடிக்கிறேன்."

"பர்சி திங்களும் செவ்வாயும் வந்துட்டுப் போயிட்டாரே. நீ பஸ்ல இருந்த. எல்லாத்தையும் பேர்த்து, பலகை போட்டு, புதுசா ஒட்டிட்டாரு. கதவை அஞ்சே நிமிஷத்துல இழைச்சாரு. பசையை நானே குழைச்சுக் கொடுத்தேன்."

"அவன் தொண்ணூறு கிலோவாச்சே!"

"முட்டி போட்டுத்தானே வேலை செஞ்சாரு. நிக்கல."

"அப்போ உனக்கு விரிசல்..."

"முதல் நாளே தெரியும். மிதியடியைத் துவைக்க எடுத்தேன்."

நாரிசுக்கு அவமானத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டான். சுடுதண்ணீர்! பத்து நாளுக்குப் பிறகு சுடுதண்ணீர்! மாடிப்படியில் முதல் படி ஏறினான்.

"எங்க போற, கண்ணு?"

"குளிக்க. பசை காய இன்னும் நாளாகும்னானா?"

"ஒரு நாள் போதும்னுதான் சொன்னாரு. ஆனா அதெல்லாம் பர்சி சொல்றது. எனக்குப் புருஷன் பேச்சுதான் பெருசு. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு, குடை கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கேன்."